கையை ஆட்டுவதா, ஆட விடுவதா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் குடியாத்தம் பக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுக்கிற குறிப்புத் தாள்களைத் தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன். தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கான பயிற்சித் தாளில் "பாதிக்கப்பட்ட கரத்தினை முன்னும் பின்னுமாக ஊசலாட்டவும்" என்று எழுதியிருந்தேன். ஒரு பெரியவர் படித்துவிட்டு, "இன்னாம்மா, உசுரு ஊசலாடுதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?" என்று பயந்துவிட்டார். இன்னொருவர் தலைப்பில் 'ஊசல் பயிற்சி' என்று பார்த்து ஊசி போடுவீர்களா என்று கேட்டார். எங்கள் பிரிவில் மூத்தவர், "ஊசல் என்றால் கெட்டுப்போன சாப்பாட்டுக்குச் சொல்வது, ஊஞ்சல் என்று மாற்று" என்கிறார். ஊசலாடு என்பதற்குச் சரியான பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, எங்கே பயன்படுத்தலாம்? இதே தாளைத் தெலுங்கிலும் போட வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அம்மா, உங்கள் வாக்கியத்தில் பிழை இருக்கிறது. ஆனால் உங்கள் மூத்தவர் கைவைத்த இடத்தில் அது இல்லை. ஊசல் நல்ல சொல், பழைய சொல், அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தடுமாற்றம் சொல்லின் கடைசியில், 'ஆட்டவும்' என்கிற இடத்தில் இருக்கிறது, அது இலக்கணப் பிழை என்பதைவிட நோயாளியின் தோளுக்கே கேடு செய்யக்கூடிய பிழை, அதனால்தான் பல வருடமாகக் கையேடுகளையும் மொழிபெயர்ப்புகளையும் திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். ஊசி, ஊசிப்போதல், ஊசல் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, அவ்வளவுதான் உறவு. ஊசி என்பது தைக்கிற, குத்துகிற ஊசி. வடை ஊசிப்போச்சு, சாம்பார் ஊசிப்போச்சு என்கிறோமே, அது 'ஊசு' என்கிற தனி வினை, அதிலிருந்தும் 'ஊசல்' என்று ஒரு பெயர்ச்சொல் வரும், கெட்டுப்போனது என்ற பொருளில். உங்கள் மூத்தவர் சொன்னது இதைத்தான், இப்படி ஒரு சொல் உண்டு என்பது உண்மை. ஆனால் ஆடுகிற ஊசல் வேறு. படி என்றால் அளக்கிற படியும் உண்டு, ஏறுகிற படியும் உண்டு, ஒன்றைப் பார்த்து மற்றதைத் தள்ளிவைக்க முடியாது இல்லையா.

இந்த ஊசல் அமங்கலமான சொல்லும் இல்லை. பழந்தமிழில் ஊஞ்சலுக்கு இதுதான் பெயர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரியோடு ஊசல் வரி என்று ஒரு பகுதியே இருக்கிறது. மாணிக்கவாசகர் பாடியது பொன்னூசல். பெண்பாற் பிள்ளைத்தமிழில் குழந்தைக்கு வாழ்த்தாகப் பாடுகிற பருவங்களில் ஒன்று ஊசல். தெய்வத்தையும் குழந்தையையும் உட்கார வைத்துப் பாடிய சொல்லை ஒரு நோயாளி பார்த்துப் பயப்படுகிறார் என்றால், பயம் சொல்லிலிருந்து வரவில்லை, அது இப்போது யாரோடு சேர்ந்து நடமாடுகிறது என்பதிலிருந்து வருகிறது. செய்தித்தாளில் ஊசலாடு என்ற வினைக்குப் பக்கத்தில் எப்போதும் உயிர் என்ற சொல்தான் நிற்கிறது. அந்தப் பெரியவர் படித்தது உங்கள் வரியை, காதில் கேட்டது செய்தித்தாள் வரியை.

சரி, எங்கிருந்து வந்தது?

ஊசலாடு என்பது ஊசல், ஆடு என்ற இரண்டும் சேர்ந்தது. போராடு, உரையாடு, பந்தாடு, நீராடு என்று நிறைய வினைகள் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன. ஆனால் ஊசல் என்ற பெயருக்குப் பின்னால் இன்னும் பழைய வினை ஒன்று இருந்தது, இன்றைக்கு அது தமிழில் வழக்கொழிந்துவிட்டது: ஊங்கு. ஊங்கு என்றால் தான் ஆடுவது. அதற்கு ஜோடி ஊக்கு, அதாவது இன்னொருவரை ஆட்டிவிடுவது. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகிற ஓர் இடம் நற்றிணையின் 90ஆம் பாட்டில் இருக்கிறது. விழா நடக்கிற ஊர். பெரிய பனங்கயிற்றில் ஊசல் தொங்குகிறது. தோழிப் பெண்கள் பிடித்துத் தள்ளுகிறார்கள், அந்தச் சிறுபெண்ணோ ஆட மாட்டேன் என்று அழுதுகொண்டே போய்விடுகிறாள். அதைப் புலவர் 'ஊக்க ஊங்காள்' என்று முடித்துவிடுகிறார். மற்றவர்கள் ஆட்டினார்கள், அவள் ஆடவில்லை. தள்ளுகிறவர் செய்வது ஒரு வேலை, ஆடுகிறவருக்கு நடப்பது வேறு என்கிற வித்தியாசம் அந்த ஒரு எழுத்து மாற்றத்திலேயே நிற்கிறது. இன்று ஊக்கம், ஊக்குவி என்று எழுதுகிறோமே, வடிவம் அதே ஊக்குதான், பின்னால் நின்று தள்ளிவிடுகிற கை அதிலும் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன். (ரவிக்கைக்குக் குத்துகிற ஊக்கு இதில் சேராது, அது வெளியிலிருந்து வந்த சொல்.)

இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் வேலூர்க்காரர். கலித்தொகையின் 37ஆம் பாட்டில், தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிற பெண் புனத்துக்குப் பக்கத்தில் ஊசல் கட்டி ஆடுகிறாள். கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் வந்துபோகிற ஒருவனிடம், "ஐய! சிறிது என்னை ஊக்கி" என்கிறாள். ஐயா, என்னைக் கொஞ்சம் ஆட்டிவிடுங்களேன். அவனும் நல்லது என்று ஆட்டிவிட, இவள் வேண்டுமென்றே கைநழுவியது போல் அவன் மார்பில் விழுகிறாள். பொன்னை வழியாக வள்ளிமலைக்குப் போனால், வள்ளி தினைப்புனம் காத்த மலை இதுதான் என்று சொல்லாத ஆள் இருக்க மாட்டார், அந்த மலைக்குக் கீழே நின்று இந்தப் பாட்டைப் படித்தால் ஊசல் என்ற சொல் எவ்வளவு நம்முடையது என்று தெரியும். இங்கேயும் பாருங்கள், அவள் 'ஆட்டு' என்ற வேலையை அவனிடம் கேட்கிறாள், ஆடுவது அவள்.

ஊசலுக்கும் ஊஞ்சலுக்கும் உள்ள உறவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாட்டில் கிடைப்பது ஊசல். பின்னால் நடுவில் ஞகரம் கலந்த ஊஞ்சல் பேச்சில் பரவி, எழுத்திலும் நிலைத்துவிட்டது. மலையாளத்தில் அது ஊஞ்ஞால், நம்முடைய மஞ்சள் அங்கே மஞ்ஞள் ஆவதும் கஞ்சி கஞ்ஞி ஆவதும் போல. தெலுங்கில் ஊயல, உய்யால. கன்னடத்தில் உய்யாலெ. ஊசல் எங்கே, ஊயல எங்கே என்று தோன்றலாம். ஆனால் சகரமும் யகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது தென்னிந்திய மொழிகளில் சாதாரணம். உயிரை நம் பக்கம் உசுரு என்கிறோம், முயலை மொசலு என்கிறோம், வாயில் வாசல் ஆகிவிட்டது. அதே கதைதான். ஆகவே உங்கள் மூத்தவர் சொல்கிற ஊஞ்சலும் நீங்கள் எழுதிய ஊசலும் ஒரு சொல்லின் இரண்டு வடிவம், ஒன்று சரி ஒன்று தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆடுவதைச் சொல்லத் தமிழில் இன்னொரு வினையும் இருந்தது, அது இன்றைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டது. தூங்கு. இதன் பழைய பொருள் தொங்குவது, தொங்கியபடி ஆடுவது. அகநானூற்றில் நெய்தல் நிலத்துப் பெண்கள் தாழை விழுதைக் கயிறாகக் கொண்ட ஊசலில் 'தூங்கி' விளையாடுகிறார்கள், அதாவது ஆடுகிறார்கள். பாலாற்றங்கரைப் பனையில் கூடு கட்டித் தொங்கவிடுகிற குருவிக்குத் தூக்கணாங்குருவி என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். உறங்குவதற்குப் பழைய நூல்களில் துயில், உறங்கு என்று தனிச் சொற்கள் உண்டு, தெற்கே மதுரை, நெல்லைப் பக்கம் இன்றும் உறங்கு என்றுதான் அதிகம் சொல்கிறார்கள், நாம்தான் தூங்கு என்பதை முழுக்க முழுக்க உறக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம். புடவையில் தூளி கட்டி, நம் கிராமத்துப் பாட்டிமார் பேச்சில் ஏணை, அதில் பிள்ளையைப் போட்டு ஆட்டித்தான் தூங்க வைக்கிறோம் என்பதை நினைத்தால் அந்தப் பொருள் நகர்ந்த வழி தானாகத் தெரிகிறது. கன்னடத்தில் தொட்டிலை ஆட்டுவதற்கு இன்றைக்கும் 'தூகு' என்ற வினைதான். திருக்குறளில் 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்று வருகிற தூங்குதல் தாமதிப்பது, தொங்கலில் விடுவது. அரசு அலுவலகத்தில் கோப்பு தூங்குகிறது என்று இன்றைக்குச் சொல்லும்போது உறக்கத்தை நினைத்துச் சொல்கிறோம், ஆனால் பழைய பொருளும் அதில் அப்படியே பொருந்திவிடுகிறது.

இப்போது இந்தச் சொற்களையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊங்கு, ஊக்கு. தூங்கு, தூக்கு. ஆடு, ஆட்டு. அடங்கு, அடக்கு. உருள், உருட்டு. திரும்பு, திருப்பு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். தானே நடப்பது ஒன்று, ஒருவர் நடத்துவது இன்னொன்று. தமிழ் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்ப விடுவதில்லை, மெல்லெழுத்தை வல்லெழுத்தாக்கியோ, ஒற்று இரட்டித்தோ, எப்படியாவது வினையிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறது. நம் வீட்டுப் பேச்சில்கூட யாரும் இதில் தவறுவதில்லை. 'மரம் ஆடுது', 'மரத்தை ஆட்டாத'. 'பல்லு ஆடுது', 'பல்லை ஆட்டிப் பார்க்காத'. மாவு ஆட்டுகிறோம், செக்கில் எள் ஆட்டுகிறோம், பிள்ளையைத் தாலாட்டுகிறோம். ஆட்டு என்று சொன்னவுடன் ஒரு கை வேலை செய்வது கண்ணில் வருகிறது. பேசும்போது இவ்வளவு சரியாக இருக்கிறவர்கள் தாளில் எழுத உட்கார்ந்ததும், கரத்தினை, பாதிக்கப்பட்ட, முன்னும் பின்னுமாக என்று போகும்போது, இந்த இடத்தில் வழுக்கிவிடுகிறோம்.

உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். தோள் இறுகியவருக்கு இந்தப் பயிற்சியை எதற்காகக் கொடுக்கிறார்கள்? குனிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டால் கையின் எடையே தோள்மூட்டை மெல்லக் கீழே இழுக்கிறது. அந்த நிலையில் உடம்பு லேசாக முன்னும் பின்னும் சாய்ந்தால், தொங்குகிற கை அந்த அசைவில் போய்ப் போய்த் திரும்புகிறது. தோள் தசை வேலை செய்யக் கூடாது, மூட்டு மட்டும் அசைய வேண்டும், பயிற்சியின் உயிரே அதுதான். தோளில் அறுவை சிகிச்சை முடிந்த சிலருக்கு இதே பயிற்சியைக் கொடுப்பதும், தைத்த தசைக்குப் பாரம் வராமல் மூட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்பதற்காகத்தான்.

அப்படியென்றால் 'கரத்தினை ஊசலாட்டவும்' என்று படித்த ஒருவர் என்ன செய்வார்? நீங்கள் ஆட்டச் சொன்னீர்கள், அவர் ஆட்டுவார். தோளை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை முன்னால் வீசிப் பின்னால் வீசுவார். எதைச் செய்யக் கூடாதோ அதையே உங்கள் தாள் செய்யச் சொல்லிவிட்டது. வலி எடுத்ததும் பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிடுவார். இதனால்தான் சொன்னேன், ஊசல் என்ற சொல்லை மாற்றி ஊஞ்சல் போட்டாலும், 'ஆட்டவும்' அங்கேயே இருந்தால் தாள் தவறாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, 'ஊசலாட்டு' என்ற வினையே தமிழில் புழங்குவதில்லை. ஊசலாட்டம் என்ற பெயர் உண்டு, ஊசலாடினான், ஊசலாடுகிறது உண்டு, ஆனால் 'அவன் கையை ஊசலாட்டினான்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆட்டிவிட வேண்டுமென்றால் ஊசலாட விட்டான் என்போம், ஊஞ்சலை ஆட்டினான் என்போம். ஊசலாடுவது தானே நடக்கிற காரியம் என்பது அந்த வினையின் குணத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அதற்குப் பிறவினை ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது, நீங்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வலியில்லாத கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நில்லுங்கள். வலிக்கிற கையைத் தளர விட்டுத் தொங்கவிடுங்கள். இப்போது உடம்பை மட்டும் லேசாக முன்னும் பின்னும் அசைக்கவும். உடம்பு அசைய அசைய, தொங்குகிற கை தானாக ஆடும். கையை நீங்கள் ஆட்ட வேண்டாம். பிறகு உடம்பைப் பக்கவாட்டில் அசைக்கவும், கையும் பக்கவாட்டில் ஆடும்."

எத்தனை தடவை, எவ்வளவு நேரம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி சேர்த்துக்கொள்ளுங்கள், அது என் வேலை இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வினைகளை. தொங்கவிடு, தானாக ஆடும், ஆட்ட வேண்டாம். 'தானாக' என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள், தாளில் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரிச் சொற்கள்தான். அதேபோல் 'அசையுங்கள்' என்பதைத் தவிர்த்து 'அசைக்கவும்' என்று போட்டதற்கும் காரணம் உண்டு. அசை என்ற வினைக்கு ஏவலில் தன்வினையும் பிறவினையும் ஒரே மாதிரி ஒலிக்கும், அசையுங்கள் என்றால் நீங்கள் அசையுங்கள் என்றும் கொள்ளலாம், எதையோ அசையுங்கள் என்றும் கொள்ளலாம். அசையவும், அசைக்கவும் என்று எழுதினால் பிரிந்துவிடும். ஆடு, ஆட்டு விஷயத்தில் இந்தச் சிக்கலே இல்லை, தாராளமாக 'ஆட்டாதீர்கள்' என்று எழுதலாம். 'கரம்', 'பாதிக்கப்பட்ட' இரண்டையும் எடுத்துவிட்டேன். வலிக்கிற கை என்றால் ஆரணியிலிருந்து வருகிற நெசவாளிக்கும் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கும் உடனே புரியும், பாதிக்கப்பட்ட கரம் என்றால் யாருக்கோ எழுதிய கடிதம் போல இருக்கிறது.

தலைப்பு என்ன வைப்பது என்று கேட்பீர்கள். உங்கள் மூத்தவர் சொன்ன காரணம் தவறாக இருந்தாலும், நோயாளிக்குப் போகிற தாளில் அவர் சொன்ன ஊஞ்சலே நல்லது. 'கை ஊஞ்சல் பயிற்சி' என்று போடுங்கள். ஊஞ்சலைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், ஊசியும் நினைவுக்கு வராது. மாணவர்களுக்கும் பிசியோதெரபி படிக்கிறவர்களுக்கும் போகிற தாளில் 'ஊசல் பயிற்சி' என்றே இருக்கட்டும், அங்கே அந்தச் சொல்லுக்கு அறிவியல் பொருள் இருக்கிறது. பள்ளியில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள்: நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தடவை போய்த் திரும்புகிற அலைவு நேரத்தைக் கணக்கிடுவது. நூல் 1 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 2 விநாடி, நீளத்தை 4 மடங்காக்கினால் நேரம் 2 மடங்கு. வீச்சு சிறிதாக இருக்கிற வரை, எவ்வளவு தூரம் போகிறது என்பதாலோ குண்டின் எடையாலோ நேரம் மாறுவதில்லை, நீளமும் புவியீர்ப்பும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தொங்குகிற கைக்கும் இப்படித் தனக்கென்று ஒரு நேரம் உண்டு. அதைவிட வேகமாகக் கை போகிறது என்றால் தோள் தசை உள்ளே புகுந்து ஆட்டுகிறதோ என்று பயிற்சி கொடுப்பவர் சந்தேகிக்கலாம்.

இனி மற்ற இடங்களில் எப்படிப் பயன்படுத்துவது. ஊசலும் ஊஞ்சலும் ஒரே சொல்தான் என்றேன், ஆனால் இன்றைய வழக்கில் ஆடு சேர்ந்ததும் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அமாவாசை ராத்திரி நம் பக்கத்திலிருந்து மேல்மலையனூருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே, அங்கே அங்காளம்மனுக்கு நடப்பது ஊஞ்சல் உற்சவம், அம்மன் ஊஞ்சலாடுகிறாள். அம்மன் ஊசலாடுகிறாள் என்று இன்றைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் ஆடுவார்கள். பலகையும் சங்கிலியும் இருந்தால் ஊஞ்சலாடு. பலகை இல்லாமல் எதுவோ தொங்கிப் போய்த் திரும்பினால், அல்லது மனசு அப்படிப் போய்த் திரும்பினால் ஊசலாடு. இந்தப் பிரிவினை எந்த இலக்கண நூலிலும் விதித்தது இல்லை, பேச்சே செய்துகொண்டது, அதை மதிக்கலாம்.

ஊசலாடுவதற்கு மேலே ஒரு பிடி வேண்டும், இரண்டு பக்கம் வேண்டும், போனது திரும்பி வர வேண்டும். கோயில் மணியின் நாக்கு ஊசலாடும். பஸ்ஸில் மேலே தொங்குகிற கைப்பிடி ஊசலாடும். அகல் விளக்கின் சுடர் ஊசலாடாது, அது படபடக்கும், ஆடும், ஏனென்றால் அது கீழே பிடிபட்டு மேலே ஆடுவது. மரக்கிளை அசையும். தள்ளாடுவது கால் நிலைகொள்ளாதவர் செய்வது. அல்லாடுவது கடனுக்கும் வேலைக்கும் அலைகிறவர் படுகிற பாடு. தத்தளிப்பது தண்ணீரில், பிடியே இல்லாத இடத்தில். மனசைப் பற்றி எழுதும்போதும் இந்த அளவுகோல் அப்படியே செல்லும். சொந்த ஊரிலேயே இருப்பதா பெங்களூருக்குப் போவதா என்று மனம் ஊசலாடுகிறது என்றால் சரி. நாலு வழிக்கு நடுவே மனம் ஊசலாடுகிறது என்றால் படிக்கிறவருக்குக் காட்சி உடைந்துவிடும், அங்கே குழம்புகிறது, அலைபாய்கிறது என்று எழுதலாம். மதில்மேல் பூனையும் இதுவும் ஒன்றல்ல. அந்தப் பூனை எந்தப் பக்கமும் குதிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, ஊசலாடுகிறவரோ காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று இரண்டுக்கும் போய் வருகிறார்.

உயிர் ஊசலாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள். 'உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருக்கிறார்' என்று இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இது 'உயிருக்குப் போராடுகிறார்' என்பதன் தலையும் 'உயிர் ஊசலாடுகிறது' என்பதன் வாலும் ஒட்டிக்கொண்டது. போராடுவது மனிதர், ஊசலாடுவது உயிர். ஏதாவது ஒன்றை முழுதாகச் சொல்லுங்கள். கதையிலும் கட்டுரையிலும் உயிர் ஊசலாடுகிறது என்பது நல்ல பிரயோகம்தான், பிடி இன்னும் விடவில்லை, திரும்பி வர வழி இருக்கிறது என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. ஆனால் நோயாளியின் வீட்டாருக்குப் போகிற எந்தத் தாளிலும் அதை எழுத வேண்டாம். வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறவருக்கு உவமை தேவையில்லை, 'நிலைமை மோசமாக இருக்கிறது, டாக்டர் உங்களோடு பேசுவார்' என்று நேராகச் சொன்னால் போதும்.

ஊடாடு என்பதையும் சிலர் இதோடு கலக்கிறார்கள். அது ஊடு, ஆடு சேர்ந்தது, நடுவே புகுந்து பழகுவது. ஊசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாகத் தெலுங்குத் தாள். தமிழில் ஊங்கு செத்துப்போனது என்றேனே, தெலுங்கில் அது உயிரோடு இருக்கிறது: 'ஊகு', தங்கத்தில் வருகிற ககர ஒலியோடு. உய்யாலயில் ஊகுவது என்றால் ஊஞ்சலில் ஆடுவது. அதற்கு ஜோடியான பிறவினை 'ஊப்பு', அசைத்துவிடுவது, கையை வீசி ஆட்டுவது. ஆக நீங்கள் தமிழில் செய்த அதே தவறு தெலுங்கிலும் காத்துக்கொண்டிருக்கிறது. சித்தூர், பலமநேர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எழுதும்போது கை ஊகட்டும், கையை ஊப்ப வேண்டாம் என்ற பொருள் வருகிறதா என்று மொழிபெயர்க்கிறவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண் என்கிறீர்கள், உங்கள் தெருவிலேயே தெலுங்கு பேசுகிற வீடு இருக்கும், அந்த வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்து உருது பேசுகிறவர்களுக்குத் தாள் போட்டால் ஊஞ்சலுக்கு அவர்கள் சொல் ஜூலா, தலைப்புக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். அச்சுக்குப் போகும் முன் மூன்று தாளையும் படம் இல்லாமல் ஒருவரிடம் கொடுத்து, படித்தபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் தோளை இறுக்கினால் வினையை மறுபடி பாருங்கள்.